கீமோவ நிறுத்திட்டு 'காந்த நானோ சிகிச்சை'க்கு போலாமா? உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு மகன் கேக்குறார்

கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கி தர்றேன், ஆள் பேரு ஊரு பேரு எல்லாம் எடுத்தாச்சு. எழுதுனவருக்கு 29 வயசு, மொபைல் கடையில வேலை. அம்மாவுக்கு 54, மல்லிகைப்பூ பறிக்கிற வேலைக்கு போய்ட்டு இருந்தவங்க. இடது மார்புல கட்டி, பயாப்சில கேன்சர்னு உறுதியாயிருச்சு, அக்குள்ல நெறிக்கட்டும் இருக்கு, ஆனா நுரையீரல், கல்லீரல், எலும்புன்னு வேற எங்கயும் பரவல. மதுரையில ஒரு ஆஸ்பத்திரில முதல்ல நாலு தடவை சிவப்பு கீமோ, அடுத்து வாராவாரம் பாக்லிடாக்ஸெல்ங்கிற இன்னொரு கீமோ மருந்து 12 தடவை, அதுக்கப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன்னு பிளான் போட்டு ரெண்டு கீமோ முடிஞ்சிருக்கு. முடி கொட்டி, வாய்ப்புண்ணு வந்து, நாலு நாள் சோறே இறங்காம அம்மா "போதும்டா"ன்னு சொல்லிட்டாங்க. இந்த நேரம் பாத்து சித்தப்பா ஒருத்தர் வெளியூர்ல ஒரு சென்டர கை காட்டியிருக்கார். காந்தத்துல இழுபடுற நானோ துகளுக்குள்ள மருந்த அடைச்சு ஊசி போட்டு, வெளிய காந்தத்த வச்சா மருந்து நேரா கட்டிக்கு போயிரும், பக்கவிளைவே இல்ல, நாலரை லட்சம்னு சொல்லியிருக்காங்க. 25 ஆயிரம் அட்வான்ஸும் ஜிபேல போயிருச்சு. எம்எஸ்சி ஃபிசிக்ஸ் படிக்கிற மாமா பொண்ணும் "அது உண்மையான சயின்ஸ்தான்"னு சொல்லியிருக்கா. மூணாவது கீமோ வர்ற வியாழக்கிழமை. கூடவே எம்ஆர்ஐ எடுக்கவும் சொல்லியிருக்காங்க, அம்மாவுக்கு இடது தோள்பட்டையில பழைய பிளேட் இருக்கு, காந்தத்துக்குள்ள போனா என்ன ஆகும்ங்கிறது இன்னொரு பயம்.

தம்பி, வியாழக்கிழமைக்கு முன்னாடி உங்களுக்கு பதில் வேணும்ங்கிறதால முதல்லயே சொல்லிர்றேன். கீமோவ நிறுத்தாதீங்க. உங்க மாமா பொண்ணு சொன்னது சரி, அந்த சயின்ஸ் உண்மை. ஆனா சயின்ஸ் உண்மைங்கிறதுக்கும், அது நாலரை லட்சத்துக்கு விக்கிற சிகிச்சையா இன்னைக்கு உங்கம்மாவுக்கு கிடைக்கும்ங்கிறதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு, அந்த தூரத்த மறைச்சுதான் உங்ககிட்ட காசு கேக்குறாங்க. முழுப் பொய்யா இருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க, பாதி உண்மையா இருக்குறதாலதான் படிச்ச பொண்ணு கூட தலையாட்டுற மாதிரி ஆயிருச்சு.

அந்த உண்மைப் பாதி என்னன்னு முதல்ல பாப்போம். இரும்பு ஆக்ஸைடு, அதாவது மேக்னடைட், அத 10 நானோமீட்டர் அளவுக்கு சின்னதா பண்ணுனா அதுக்கு ஒரு விசேஷ குணம் வந்துரும். காந்தம் பக்கத்துல இருக்கும்போது மட்டும் காந்தமா நடந்துக்கும், எடுத்துட்டா அந்த குணம் போயிரும், அதனால ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டி தட்டாது. நம்ம தலைமுடி தடிமனே சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர், அப்ப 10ங்கிறது எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்கோங்க. இந்த துகள் மேல சிலிகாவுல ஒரு ஓடு கட்டுவாங்க, அந்த ஓடு பூரா 2ல இருந்து 50 நானோமீட்டர் அகலத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும், அந்த ஓட்டைக்குள்ளதான் மருந்து உக்காரும். ஓட்டைச் சுவரையெல்லாம் விரிச்சா ஒரு கிராம் தூளுக்கே சுமார் 1000 சதுர மீட்டர் வரும், நம்ம கணக்குல 25 சென்ட் நிலம், அதனாலதான் இத்தனை மருந்து அதுக்குள்ள பிடிக்குது. இந்த மாதிரி ஓட்டை சிலிகாவ 1992ல மோபில் பெட்ரோலிய கம்பெனிக்காரங்க வேற வேலைக்காக வெளியிட்டாங்க, 2001ல ஸ்பெயின்ல ஒரு குழு அதுக்குள்ள இபுப்ரோஃபென் வலி மருந்த நிரப்பி மெதுவா வெளிய விட வச்சு காட்டுனாங்க, அதுல இருந்து உலகம் பூரா லேப்ல இந்த வேலை நடக்குது. ஓட்டைக்கு மூடி போட்டு, கேன்சர் கட்டிக்கிட்ட இருக்குற லேசான அமிலத்தன்மையில மட்டும் மூடி திறக்குற மாதிரி பண்றது, சூடு பட்டா திறக்குற மாதிரி பண்றதுன்னு நிஜமாவே அருமையான வேலை. நான் இத மதிக்கிறவன். வருங்காலத்துல இதுல இருந்து ஏதாவது நம்ம நோயாளிகளுக்கு வரணும்னு உண்மையிலயே ஆசைப்படுறவன்.

வீடியோல பாத்ததும் உடம்புக்குள்ள நடக்குறதும்

உங்களுக்கு அனுப்புன வீடியோவ நீங்க விவரிச்சிருக்கீங்க, கண்ணாடி குப்பியில கறுப்பா ஒரு திரவம், பக்கத்துல காந்தத்த வச்சதும் மொத்தமும் அந்தப் பக்க சுவர்ல போய் அப்பிக்குது, மிச்சம் தண்ணி தெளிஞ்சு நிக்குது. அது நிஜம்தான், எந்த காலேஜ் லேப்லயும் பண்ணிக் காட்டலாம். ஆனா அந்த குப்பியில தண்ணி அசையாம நிக்குது, காந்தத்துக்கும் திரவத்துக்கும் நடுவுல இருக்குறது ஒரு கண்ணாடி சுவரோட கனம் மட்டும். உடம்புல ரத்தம் ஓடிட்டே இருக்கும், காந்தத்தோட இழுவை ஒவ்வொரு சென்டிமீட்டர் உள்ள போகப்போக தடாலடியா குறையும். இது முதல் சிக்கல்.

ரெண்டாவது சிக்கல்தான் இன்னும் பெருசு. ரத்தத்துல வெளியாள் யார் வந்தாலும் பிடிச்சு ஒதுக்குறதுக்குன்னே கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் செல்லுக இருக்கு. நானோ துகள் ஊசியில போன கொஞ்ச நேரத்துலயே பெரும்பகுதிய அதுக பிடிச்சுக்கும். 2016ல டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் முந்தைய பத்து வருஷத்துல வந்த ஆய்வுகளையெல்லாம் சேத்து வச்சு கணக்கு பாத்தாங்க, பெரும்பாலும் எலியில பண்ணுன ஆய்வுக. ஊசியில போட்ட நானோ துகள்ல கட்டிக்கு போய் சேந்தது நடு அளவா 0.7 சதவீதம். நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. "நேரா கட்டிக்கு போயிரும்"னு சொல்றவங்ககிட்ட இந்த ஒரு நம்பர சொல்லிப் பாருங்க.

மனுஷங்க மேல முயற்சியே பண்ணலயான்னு கேப்பீங்க. பண்ணியிருக்காங்க. 1996ல பெர்லின்ல 14 நோயாளிகளுக்கு எபிரூபிசின்ங்கிற கீமோ மருந்த காந்தத் துகளோட பிணைச்சு, கட்டி மேல காந்தம் வச்சு பாத்தாங்க, சிலருக்கு கட்டில போய் சேந்தது, ஆனா கல்லீரல்லயும் கணிசமா போய் தங்குச்சு. உங்கம்மாவுக்கு போடுற அதே சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின், அத காந்தத் துகள்ல ஏத்தி கல்லீரல் கேன்சருக்கு ஒரு அமெரிக்க கம்பெனி ட்ரையல் நடத்துனாங்க, 2004 வாக்குல அதுவும் எதிர்பாத்த பலன் காட்டாம நின்னுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் காந்தத்தால இழுத்துட்டு போற கீமோ, மார்பு கேன்சருக்கு வழக்கமான சிகிச்சையா எங்கயும் கிடையாது.

ஜெர்மனில ஒண்ணு இருக்குன்னு அந்த சென்டர்ல சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது என்னன்னு எனக்கு தெரியும், அத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா உங்க கேள்விக்கான விடையே அதுலதான் இருக்கு. நானோதெர்ம்னு பேரு, மூளைக் கட்டிக்காக 2010ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சது. அதுல மருந்தே கிடையாது. இரும்பு ஆக்ஸைடு திரவத்த ரத்தத்துல விடாம நேரா கட்டிக்குள்ளயே ஊசியில இறக்கி, தலைய சுத்தி விநாடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறுற காந்தப்புலத்த குடுப்பாங்க, துகள் சூடாகி கட்டிய உள்ள இருந்தே சூடாக்கும். அதையும் ரேடியேஷனுக்கு பதிலா குடுக்கல, ரேடியேஷனோட சேத்துதான் குடுத்தாங்க. இதுல முக்கியமான நிபந்தனை என்ன தெரியுமா, சிகிச்சை இடத்துல இருந்து 40 சென்டிமீட்டருக்குள்ள உடம்புல உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, பல்லுல அடைச்ச உலோகத்தக் கூட எடுத்துட்டுதான் பண்ணுவாங்க, இல்லைன்னா அதுவும் சூடாயிரும். உங்கம்மாவுக்கு இடது மார்புல கட்டி, இடது தோள்ல பிளேட். அந்த பிளேட்ட பத்தி அந்த சென்டர்ல ஒருத்தர் கூட கேக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மாறுற காந்தப்புலம் குடுக்கப் போறவங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான். நானோதெர்ம நடத்துன கம்பெனியும் 2022ல திவாலாயிருச்சு.

நானோ மருந்து வேணும்னா காந்தம் இல்லாத நானோ மருந்து நம்ம ஊர்லயே வருஷக்கணக்கா இருக்கு, அது பல பேருக்கு தெரியாது. டாக்ஸோரூபிசின கொழுப்பு உறைக்குள்ள வச்ச மருந்து 1995லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, பாக்லிடாக்ஸெல ஆல்புமின் புரதத்தோட சேத்தது 2005ல. ரெண்டும் இந்தியாவுலயும் கிடைக்குது. கொழுப்பு உறை போட்டதுல இதயத்துக்கு பாதிப்பு குறைவு, ஆனா உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து தோல் உரியுற தொல்லை வரும். 'நானோன்னா பக்கவிளைவே இல்ல'ங்கிறது தப்பு, பக்கவிளைவு வேற இடத்துக்கு மாறுது, அவ்வளவுதான். உங்கம்மா நிலைமையில, அதாவது குணமாக்கணும்ங்கிற நோக்கத்தோட குடுக்குற நிலைமையில, வழக்கமான மருந்துக்குதான் நெறைய வருஷ ஆதாரம் இருக்கு, அதனாலதான் உங்க டாக்டர் அத தேர்ந்தெடுத்திருக்கார்.

எம்ஆர்ஐயும் தோள்பட்டை பிளேட்டும்

காந்தத் துகள் உண்மையாவே வேலை செஞ்ச இடம் படம் எடுக்குறதுலதான். 1996ல அமெரிக்காவுல கல்லீரல் எம்ஆர்ஐக்கு ஒரு இரும்பு ஆக்ஸைடு ஊசி அனுமதி வாங்குச்சு. மேல சொன்ன அந்த பிடிச்சு ஒதுக்குற செல்லுக இரும்ப முழுங்கிக்கும், நல்ல கல்லீரல் படத்துல கறுப்பாயிரும், கட்டியில அந்த செல்லு இல்லாததால அது மட்டும் வெளுப்பா தனிச்சு தெரியும். மருந்து கொண்டு போறதுக்கு எது இடைஞ்சலோ அதுவே இங்க உதவியாயிருச்சு. அந்த ஊசி இப்ப புழக்கத்துல இல்ல. கிட்னி நோயாளிகளோட ரத்தசோகைக்கு 2009ல வந்த ஃபெரூமோக்ஸிடால்ங்கிற இன்னொரு இரும்பு ஊசிய சில இடங்கள்ல எம்ஆர்ஐக்கும் பயன்படுத்துறாங்க. மார்பு கேன்சர் ஆபரேஷன்லயே நெறிக்கட்ட தேடிக் கண்டுபிடிக்க 2018ல அமெரிக்காவுல காந்தத் திரவம் ஒண்ணு அனுமதி ஆச்சு. 'இரும்பு உடம்புக்கு நல்லதுதானே'ன்னு நீங்க எழுதியிருக்கீங்க, கரைஞ்ச இரும்ப உடம்பு தன்னோட இரும்புக் கணக்குல சேத்துக்கும்ங்கிறது சரிதான், ஆனா ஃபெரூமோக்ஸிடாலுக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம்னு 2015ல கடுமையான எச்சரிக்கை போட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கோங்க.

உங்கம்மாவுக்கு எடுக்கப்போற எம்ஆர்ஐல படம் தெளிவா தெரிய பொதுவா போடுறது இரும்பு ஊசி இல்ல, காடோலினியம்ங்கிற வேற ஊசி. அதுக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தத்துல கிரியாட்டினின் பாப்பாங்க. பிளேட் விஷயத்துல, எலும்புக்கு வைக்கிற பிளேட் பெரும்பாலும் டைட்டானியமோ காந்தம் இழுக்காத வகை ஸ்டீலோதான், எலும்போட ஸ்க்ரூ போட்டு வருஷக்கணக்கா இருக்குறது, அதோட எம்ஆர்ஐ எடுக்குறது சாதாரணம், என்ன, பிளேட் பக்கத்துல படம் கொஞ்சம் கலையும். ஆனாலும் அந்த ஆபரேஷனோட டிஸ்சார்ஜ் சம்மரிய தேடி எடுத்துட்டு போய் ஸ்கேன் ஆளுககிட்ட கட்டாயம் காட்டுங்க. தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்க. தாலிய கழட்ட மாட்டேன்னு நம்ம பக்கத்து அம்மாக்கள் அழுகுறது உண்டு, மஞ்சக் கயித்துல கட்டி அப்பா கையில குடுத்துட்டு போறவங்களும் உண்டு. தங்கத்த காந்தம் இழுக்காது, ஆனா தாலிக்கயித்துல கோத்து வச்சிருக்குற ஊக்கு இருக்குல்ல, அது இரும்பு, அது பறந்து போய் குத்தும். ஜாக்கெட்டுல, பாவாடை நாடா ஓரத்துல ஊக்கு ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும், வீட்டுலயே பாத்து எடுத்துருங்க.

அந்த சென்டர்காரங்ககிட்ட கேக்க வேண்டியது

ஃபோன்ல இத மட்டும் கேளுங்க. இது அனுமதி வாங்குன சிகிச்சையா, இல்ல ட்ரையலா? அனுமதி வாங்குனதுன்னா மருந்து பேரு, மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதி விவரம் எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. நானோ மருந்தை எப்படி மதிப்பிடணும்னு 2019ல இந்தியாவுல தனி வழிகாட்டு நெறியே வந்திருக்கு, அதனால "இதுக்கெல்லாம் அனுமதி தேவையில்ல"ன்னு சொன்னா அங்கயே ஃபோன வச்சிருங்க. ட்ரையல்னு சொன்னா சிடிஆர்ஐ பதிவு நம்பர் கேளுங்க, இந்தியாவுல நடக்குற ஒவ்வொரு மருந்து ட்ரையலும் அந்த பதிவேட்டுல இருக்கணும், 2009ல இருந்து கட்டாயம், யாரு வேணாலும் நெட்ல போய் பாக்கலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கணும், விவரத்தாள் அம்மாவுக்கு புரியுற தமிழ்ல இருக்கணும், கையெழுத்து போட்ட காப்பி ஒண்ணு உங்க கையில தரணும், ட்ரையலால பாதிப்பு வந்தா வைத்தியமும் நஷ்டஈடும் நடத்துறவங்க பொறுப்புன்னு 2019 விதிகள் சொல்லுது. முக்கியமா, சோதனை பண்ற மருந்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. நாலரை லட்சம் கேக்குற இடத்துல நடக்குறது ட்ரையல் இல்ல.

25 ஆயிரத்த எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்லயே கேளுங்க, பேசுனது, ஜிபே ரசீது, அவங்க அனுப்புன நோட்டீஸ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கேன்சர குணமாக்குறோம்னு மருந்து விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி தப்பு, மருந்து கட்டுப்பாட்டுத் துறைல புகார் குடுக்கலாம். ஏமாத்திட்டாங்கன்னு தெளிவானா 1930ங்கிற சைபர் மோசடி புகார் நம்பருக்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போலாம், அதுக்கு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, நான் டாக்டர், அதுக்கு மேல சொல்றது முறையில்ல. சித்தப்பாகிட்ட சண்டைக்கு போகாதீங்க, அவரும் அண்ணி நல்லா இருக்கணும்னுதான் நினைச்சிருப்பார். ஆனா அந்த நாலரை லட்சத்துக்காக இடத்த அடமானம் வைக்கலாம்னு எழுதியிருக்கீங்களே, அந்த பேச்ச இன்னைக்கே நிறுத்துங்க. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கார்டு இருந்தும் காட்டாம கையக் கடிச்சு கட்டிட்டு இருக்குற குடும்பங்கள நான் வாராவாரம் பாக்குறேன், ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல போய் கேளுங்க.

வேற டாக்டர்கிட்டயும் ஒரு கருத்து கேக்கணும்னா தாராளமா கேளுங்க, அதுல எந்த தப்பும் இல்ல, உங்க டாக்டர் கோவிச்சுக்கவும் கூடாது. ரிப்போர்ட் எல்லாம் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்ங்கிறது விதி. மதுரை பெரியாஸ்பத்திரில, பாலரெங்கபுரம் அரசு கேன்சர் ஆஸ்பத்திரில காட்டலாம், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கும் போலாம். கீமோ தேதிய தள்ளாம காட்டுங்க, அது ஒண்ணுதான் நிபந்தனை.

ஏன் தேதிய இவ்வளவு பிடிச்சு தொங்குறேன்னா, உங்க கடிதத்துல ஓரமா ஒரு வரி எழுதியிருக்கீங்க, "ரெண்டாவது கீமோக்கப்புறம் கட்டி இளகியிருக்குன்னு டாக்டர் சொன்னார்"னு. தம்பி, அந்த கடிதம் பூராவுக்கும் முக்கியமான வரி அதுதான். மருந்து கேக்குது. வேற எங்கயும் பரவாத கட்டி, மருந்துக்கு இளகுற கட்டி, இது குணமாக்க நினைச்சு வைத்தியம் பண்ற நிலை. 21 நாள் இடைவெளிங்கிறது நல்ல செல்லுக தேறி எந்திரிக்கிற அளவுக்கும் கெட்ட செல்லுக முழுசா தேறிராத அளவுக்கும் பாத்து வச்சது. ரெண்டு மாசம் அங்க போய் அலைஞ்சுட்டு திரும்பி வந்தா இதே கட்டி இதே மருந்துக்கு இதே மாதிரி கேக்கும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. போன காச சம்பாதிச்சுக்கலாம், இந்த நேரத்த வாங்க முடியாது.

அம்மா "போதும்"னு சொன்னதுக்கு

அம்மாவோட கஷ்டம் உண்மை, அத குறைக்க வழி இருக்கு, அதுக்கு கீமோவ விட வேண்டியதில்ல. எத்தனை தடவை வாந்தி, எந்த நாள்ல இருந்து புண்ணு, என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வியாழக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுங்க. வாந்திக்கு இப்ப நல்ல மாத்திரைகள் இருக்கு, ஒரு கூட்டு சரியா கேக்கலன்னா மாத்தலாம், ராத்திரில போடுற ஓலான்ஸபின் மாதிரி ஒண்ண சேக்கலாம், டோஸ திருத்தலாம், வெள்ளை அணு ரொம்ப இறங்குதுன்னா அத ஏத்துற ஊசி இருக்கு. நெறைய பேர் "டாக்டர் திட்டுவார்"னு வாந்திய பத்தி வாயே திறக்குறதில்ல, டாக்டரும் சரியா இருக்குன்னு நினைச்சு அதே மருந்த எழுதிட்டு போயிர்றார். வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணில உப்பும் சமையல் சோடாவும் கொஞ்சம் போட்டு நாலஞ்சு தடவை கொப்பளிக்கட்டும், காரம் வேணாம், தயிர்சாதம், இட்லிய பால்ல ஊற வச்சு, அவங்களுக்கு எது இறங்குதோ அது. முடி திரும்ப முளைக்கும், இத அவங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்லுங்க.

இன்னொண்ணு, அம்மாகிட்ட 'சாதாரண கட்டி'ன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்னு எழுதியிருக்கீங்க. சாதாரண கட்டிக்கு எதுக்குடா இவ்வளவு பாடுன்னு அவங்க நினைக்கிறதுல நியாயம் இருக்குல்ல? என்ன நோய், எதுக்கு இந்த மருந்து, குணமாக வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களுக்குதான் முதல்ல. மூணாவது கீமோ, ஆபரேஷன் எல்லாத்துக்கும் சம்மதம் சொல்ல வேண்டியவங்களும் அவங்கதான். உங்களுக்கு சொல்ல வாய் வரலைன்னா டாக்டரையோ அங்க இருக்குற கவுன்சிலரையோ நீங்க பக்கத்துல இருக்கும்போது சொல்லச் சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா அப்ப உக்காந்து பேசலாம், தெரியாம சொல்ற 'போதும்'ம வச்சு நீங்க முடிவெடுக்காதீங்க.

இன்னைக்கே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. கீமோ போட்டு, முக்கியமா 7ல இருந்து 14 நாளுக்குள்ள, காய்ச்சல் 100.4 தொட்டா பாராசிட்டமால் போட்டு காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க. உங்க ஊர்ல இருந்து வண்டி பிடிச்சு மதுரை வர்ற நேரத்தையும் கணக்குல வச்சு, 108 நம்பரோட ராத்திரில கூப்பிட்டா வர்ற ஒரு டிரைவர் நம்பரையும் இப்பவே வாங்கி செவத்துல எழுதி ஒட்டுங்க.